முட்டை நாற்ற வாயுவும் 5 பக்க ஆய்வுக் கட்டுரையும்: ‘சைட்டேஷன்’ எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

மணலி பக்கமிருந்து காற்று வீசினால் திருவொற்றியூரில் ‘கேஸ் நாற்றம்’ என்று புகார் கிளம்புவது புதிதல்ல. கச்சா எண்ணெயில் கந்தகம் உண்டு. சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைப் பிரிக்கும்போது உருவாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு. அதை வெளியே விடாமல் பிடித்து, திடக் கந்தகமாக மாற்றுவதுதான் முறை. இந்த வாயு அளவு மீறினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். அதனால் வாடை திடீரென்று நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த வாயுவுக்குள் ஒரு பழைய கெமிஸ்ட்ரி புதிர் இருக்கிறது. தண்ணீரின் மூலக்கூறு எடை 18. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 34. கனமானதுதானே திரவமாக இருக்கணும்? ஆனா தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, இது மைனஸ் 60-லேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. ஒன்று குடத்தில் நிற்கிறது, இன்னொன்று ஜன்னல் வழியா வீட்டுக்குள் வருகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ‘ஹைட்ரஜன் பிணைப்பு’ மூலம் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதுதான் காரணம். ஃப்ளோரின், ஆக்சிஜன், நைட்ரஜன் இருந்தால்தான் இந்தப் பிணைப்பு வரும் என்று ஸ்கூலில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

அந்த மனப்பாடத்தை அசைத்தவர்களில் ஒருவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயற்பியல் வேதியியல் பேராசிரியர் இ. அருணன். 2011-ல் சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக், ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புது வரையறை வெளியிட்டது. 14 பேர் எழுதிய அந்தக் கட்டுரையில் முதல் பெயர் அருணனுடையது. மூன்று தனிமங்களின் பட்டியல் போய்விட்டது. ஹைட்ரஜனைவிட எலெக்ட்ரான்களைக் கூடுதலாக ஈர்க்கும் எந்த அணுவோடும் ஹைட்ரஜன் சேர்ந்திருக்கலாம். பிணைப்பு உருவானதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வரையறைக் கட்டுரை மொத்தம் 5 பக்கம். ஏன் அப்படி வரையறுத்தோம் என்ற விளக்கம் அதே இதழில் 18 பக்கம். ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியதில் முன்னால் நிற்பது அந்த 5 பக்கம்தான். வரையறை என்றால் அடிக்குறிப்பில் போட்டே ஆகணும், வாதத்தைப் படிக்கிறது அவரவர் விருப்பம்!

2018-ல் அருணன் குழு, அமெரிக்க, பிரிட்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து இன்னொரு கட்டுரை வெளியிட்டது. விஷயம், நம்ம முட்டை நாற்ற வாயு. இரண்டே இரண்டு மூலக்கூறுகளைக் கடுங்குளிரில் ஜோடியாக்கி, அவை சுழலும் விதத்தை மைக்ரோவேவ் கதிர்களால் அளந்தார்கள். அந்த ஜோடி, தண்ணீர் ஜோடி மாதிரியே ஹைட்ரஜன் பிணைப்பால்தான் கைகோத்திருந்தது. பனிக்கட்டியில் ஒரு மூலக்கூறுக்கு 4 அண்டை மூலக்கூறுகள், உறைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடில் 12. அதை வைத்து இங்கே அந்தப் பிணைப்பே கிடையாது என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தார்கள். அதற்கு நேரடிச் சோதனையிலேயே பதில் சொன்ன ஆய்வு இது. மேற்கோள் எண்ணிக்கையில் அந்த 5 பக்கத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் எண்ணிக்கை பொய்யா? பொய் இல்லை, எந்த அளவுகோல் என்பதுதான் கேள்வி. மொத்த மேற்கோளைப் பார்த்தால், வரையறைக் கட்டுரையின் ஆயிரங்களும் 14 பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த ‘ஹெச்-இண்டெக்ஸ்’ வேறு மாதிரி. தலா 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் உங்கள் எண் 20. இதில் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கிய கட்டுரையும் ஒன்றுதான், 20 வாங்கியதும் ஒன்றுதான். ஒரே ஆள், ஒரே உழைப்பு, இரண்டு வேற ரிப்போர்ட் கார்டு.

அதிக மேற்கோள் வாங்கியது பெரிய கண்டுபிடிப்பாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது 1951-ல் ஆலிவர் லௌரி குழு எழுதிய, புரதத்தை அளக்கும் முறை பற்றிய கட்டுரை. அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே ஒத்துக்கொண்டார்.

இது பேராசிரியர்களின் தலைவலி மட்டும் இல்லை. என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை மதிப்பெண்ணில் கட்டுரைகளும் மேற்கோள்களும் சேர்கின்றன. ‘உலகின் டாப் 2% விஞ்ஞானிகள் எங்கள் கல்லூரியில்’ என்ற பேனரைப் பார்த்து ராயபுரத்திலிருந்து ஒரு குடும்பம் ஃபீஸ் கட்ட முடிவெடுக்கலாம். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு தயாரிக்கும் அந்தப் பட்டியல் இரண்டு வகை: வாழ்நாள் முழுக்க ஒன்று, ஒரே வருடத்துக்கு ஒன்று. தங்களைத் தாங்களே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்த கணக்கும் அதிலேயே இருக்கிறது. பேனரில் இருப்பது எது என்று அட்மிஷன் கவுன்டரில் கேளுங்க. பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

பிஹெச்.டி-க்கு கைடு தேடுபவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். கூகுள் ஸ்காலரில் அவர் கட்டுரைகளை மேற்கோள் வரிசையில் வைத்து, முதல் ஐந்தைத் திறந்து பாருங்கள். வரையறையா, தொகுப்புக் கட்டுரையா, சொந்தச் சோதனையா? எத்தனை பேர் சேர்ந்து எழுதியது? அருணன் பெயரில் தேடினால் அந்த 5 பக்கம் சட்டென்று கண்ணில் படும். ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிக்க, கொஞ்சம் கீழே ஸ்க்ரோல் பண்ணணும்.