இரண்டு சூரியோதயம் கண்ட விமானம்!

ஒரே விமானப் பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்க முடியுமா?

பார்த்தார்கள்! விமானம் வேகமாகப் பறந்ததால் அல்ல, மெதுவாகப் பறந்ததால்!

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிறது பெர்த் நகரம். இலங்கையின் தென்கோடியில், காலி நகருக்குப் பக்கத்தில், கொக்கலை ஏரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 3,500 மைல். அதாவது, சுமார் 5,650 கிலோமீட்டர். வழியெல்லாம் இந்து மகா சமுத்திரம்தான்.

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும். இந்தத் தூரத்தை 7 மணி நேரத்துக்குள் கடந்து விடும். 1943-ல் இந்த வழியில் பறந்த கேடலினா விமானத்தின் வேகமோ மணிக்கு 125 மைல். போய்ச் சேர 28 மணி நேரம் ஆகும். எதிர்காற்று அடித்தால் இன்னும் கூடும். ஒரு தடவை 32 மணி 9 நிமிடம் ஆயிற்று!

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேர் விமானம் விட்டார்கள். சுமார் 9,000 மைல். 17 மணி நேரம். அந்த 17 மணி நேரத்தில் கேடலினா கொக்கலைக்கு முக்கால் வழிகூட வந்திருக்காது.

அறுந்த பாதை

யுத்தத்துக்கு முன் ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இடையே விமானங்கள் சிங்கப்பூர் வழியாகப் பறந்தன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரை ஜப்பானியர் பிடித்தார்கள். பாதை அறுந்தது. அவசரக் கடிதத்தை எப்படி அனுப்புவது? போர்முனையில் இருக்கும் மகனின் கடிதம் வீட்டுக்கு எப்படி வரும்?

கடலுக்கு மேலேயே பறந்து விடுவது என்று துணிந்தார்கள். 1943-ம் ஆண்டு நடுவில் குவாண்டாஸ் கம்பெனி இந்தப் பயணத்தைத் தொடங்கியது.

மூன்றே பயணிகள்

கேடலினா தண்ணீரில் இறங்கும். தண்ணீரிலிருந்தே மேலே எழும்பும். 28 மணி நேரத்துக்கு வேண்டிய பெட்ரோலை ஏற்றிய பிறகு அதில் இடம் ஏது? மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான்!

புறப்பட்ட முதல் சில மணி நேரம்தான் பெரிய கண்டம். பாரம் அதிகம். இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றாலும் கடலில் இறங்க வேண்டியதுதான். துப்பாக்கி கிடையாது. ஜப்பானியர் காதில் விழுந்து விடும் என்பதால் ரேடியோவில் பேசவும் கூடாது. இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள்.

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்திருந்தார்கள். அவற்றில் ஆல்டேர் என்பது நம்முடைய திருவோணம். ஆன்டாரெஸ் நம் கேட்டை. ஸ்பைக்கா நம் சித்திரை!

இறங்கிய பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்க'த்தில் அவர்களும் உறுப்பினர் என்று அதில் எழுதியிருந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே இருந்தவர்கள் அல்லவா!

1945 ஜூலை வரை 271 முறை இந்தக் கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கேடலினாக்கள் யுத்தத்துக்காக அமெரிக்கா கொடுத்தவை. யுத்தம் முடிந்ததும் அவற்றை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தரவில்லை. கடலில் விழாமல் பறந்த அந்த விமானங்களைக் கடைசியில் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலிலேயே மூழ்கடித்தார்கள்.