சாம்பலும் வைரமும்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் 'பஞ்சவடி' என்றோர் இல்லம் உண்டு. அது சர் சி. வி. ராமனுடையது. 1948-ல் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம், சாங்கி ஏரிக்கு அப்பால் சிறிது தூரத்தில் உள்ளது. ஒளிச் சிதறலுக்காக நோபல் பரிசு பெற்ற அவருக்கு வைரத்தின்மீது தணியாத மோகம். பன்னாச் சுரங்கத்து வைரங்கள் முதலாகப் பலவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். 1970 நவம்பர் 21 அன்று காலமானபோது அவருடைய உடல் அந்நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் மண்டபம் ஏதும் இல்லை. ஒரு மரம் நிற்கிறது.

இறந்தவரின் அஸ்தியை வைரமாக்கித் தரும் கம்பெனிகள் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அமெரிக்காவிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் தோன்றியுள்ளன. இது எவ்வாறு இயலும்?

வைரம் கரியின் ஒரு வடிவமே. 1772-ல் லவாய்ஸியே அதைச் சூரிய ஒளியைக் குவித்து எரித்தார். 1797-ல் டென்னண்ட் அது தூய கரியே என்று நிறுவினார். (வைரம் தீயில் அழியாது என்பது பொய். ஏறத்தாழ 850 டிகிரியில் அது காற்றில் எரிந்துவிடும். சிதையில் இட்ட வைர மூக்குத்தியும் பிழைக்குமென்று சொல்வதற்கில்லை.)

மனித உடலின் எடையில் சுமார் 18 சதவிகிதம் கரி. அறுபது கிலோ எடையுள்ளவரிடம் பதினொரு கிலோ கரி இருக்கும். ஆனால் தகனத்தில் ஏறக்குறைய முழுவதும் கரியமில வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. மரங்களின் இலைகள் உட்கொள்வது அவ்வாயுவையே. எஞ்சும் சாம்பல் பெரும்பாலும் எலும்பின் கால்சியம் பாஸ்பேட். கரி அதில் மிகச் சிறிதே உண்டு. அதுவும் கார்பனேட் உருவில். எனினும் ஒரு காரட் என்பது 0.2 கிராம்தான். ஆதலால் கணக்குப்படி சாம்பலிலுள்ள கரி போதும். அதைப் பிரித்தெடுப்பதே கடினம்.

பிரித்த கரியைப் பென்சிலில் உள்ள கிராபைட்டாக மாற்றி, இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்துடனும், வித்தாக ஒரு சிறு வைரத்துடனும் வைத்து, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஐம்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும், சுமார் 1,400 டிகிரி உஷ்ணத்திலும் பல நாட்கள் காக்கின்றனர். உருகிய உலோகத்தில் கரைந்த கரி வித்தின்மீது படிந்து வளர்கிறது. நைட்ரஜன் கலந்தால் மஞ்சள் நிறமும், போரான் கலந்தால் நீல நிறமும் உண்டாகும்.

துயரத்திலுள்ள குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கரியின் அணுவுக்குப் பெயரில்லை. தந்தையின் சாம்பலிலிருந்து வந்த கரிக்கும் கடையில் வாங்கிய கிராபைட்டுக்கும் இரசாயன முறையில் வேற்றுமை இல்லை. கல் உருவான பின், அது இன்னாருடையது என்று எந்தப் பரிசோதனைச் சாலையும் சான்றளிக்க இயலாது. கம்பெனியின் பதிவேடு ஒன்றே சாட்சி. ஆகவே சாம்பலிலிருந்து எவ்வளவு கரி கிடைத்தது, வேறு கரி சேர்க்கப்பட்டதா என்பவற்றை எழுத்தில் பெறுதல் நலம். தலைமயிரின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியாதலால், தகனத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு கற்றை மயிர் சாம்பலைவிட இவ்வேலைக்கு எளிது.