டேஷ்போர்டு விரிசலா? பசையைத் தேடும் முன் பிளாஸ்டிக்கைத் திருப்பிப் பாருங்க!

சித்திரை வெயிலில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய பழைய மாருதி 800-ன் கதவைத் திறந்தால் முதலில் வருவது சூடான பிளாஸ்டிக் வாசனை. அப்புறம்தான் டேஷ்போர்டில் ஓடும் விரிசல் கண்ணில் படும்.

இன்ஜின் சாமான்கூட தேடினால் கிடைத்துவிடும். உள்பக்க பிளாஸ்டிக்தான் சிக்கல். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலும், அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதத்திலும் நின்றுபோயின. இனி உடைந்தால் காயலான் கடைதான் கதி. 1983-ல் இந்திரா காந்தி சாவி கொடுத்த முதல் மாருதி 800-கூட, உரிமையாளர் ஹர்பால் சிங் இறந்த பிறகு வெட்டவெளியில் நின்று பாழானது. அதைச் சீரமைத்து 2022-ல் தன் தலைமையகத்தில் வைத்தது நிறுவனம். தாத்தாவின் காரை வைத்திருப்பவருக்கு அந்த வசதி ஏது?

ஏன் அப்பளம் மாதிரி நொறுங்குது?

பிவிசி மென்மையாக இருக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். வெயிலில் அது மெல்ல ஆவியாகும். முன் கண்ணாடியின் உள்பக்கம் படியும் பிசுக்கில் அதற்கும் பங்கு உண்டு. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வேறு கதை: அதற்கு வளையும் தன்மை தரும் ரப்பர் பகுதியை புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து கெடுத்துவிடும். எந்த பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. சொல்லப்போனால், சிலிக்கான் கலந்த பாலிஷ் பிசுக்கு இருந்தால் அதன் மேல் பசையும் பெயின்ட்டும் சரியாக ஒட்டாது.

எது என்று எப்படித் தெரியும்?

பாகத்தின் பின்பக்கம் பாருங்கள். பிபி, ஏபிஎஸ் என்று ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். ரொம்பப் பழைய பாகங்களில் இருக்காது. அப்போது கண்ணில் படாத ஓர் ஓரத்தில், அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென இளகினால் ஏபிஎஸ். ஒன்றுமே ஆகாமல் மெழுகு போல வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன்.

ஏபிஎஸ் என்றால் வேலை சுலபம். உடைந்த ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகும். விரிசலின் இரு முனையிலும் 2 மி.மீ. துளை போடுங்கள், விரிசல் மேலும் ஓடாது. பின்பக்கம் விரிசலை லேசாகக் கீறி, கூழைப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். கொசுவர்த்திகூட பக்கத்தில் வேண்டாம்.

பிபி-க்கு இந்தக் கூழும் ஒட்டாது, சாதாரண பசையும் நிற்காது. ஸ்டீல் கொசுவலையில் சின்னத் துண்டு வெட்டி, சால்டரிங் அயர்ன் சூட்டில் பின்பக்கம் அழுத்திப் பதித்தால் தாங்கும். சூப்பர் க்ளூவோடு ஆப்பசோடா தூவும் வித்தையை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அது கல் போல இறுகும், உண்மைதான். ஆனால் வளையாது, குண்டும் குழியுமான ரோட்டில் நாலு நாள் ஓடினால் பக்கத்திலேயே புது விரிசல் வரலாம்.

கழற்றுவதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். விடியற்காலைக் குளிரில் இழுத்தால் கிளிப் 'பட்'டென்று போய்விடும். கார் கொஞ்ச நேரம் வெயிலில் நின்று, பிளாஸ்டிக் வெதுவெதுப்பான பிறகு கழற்றுங்கள். கெடுத்த வெயிலே இங்கே உதவிக்கு வரும்!

தொட்டாலே பொடியாகும் பாகத்தை ஒட்டிப் பலனில்லை. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துண்டுகளைப் பொருத்தி டேப் ஒட்டி வையுங்கள். ஃபைபர் கிளாஸில் புதிதாகச் செய்பவர் அச்சு எடுக்க அதைத்தான் முதலில் கேட்பார்.