மனசு லேசாக ஒரு பாத்தி கீரை



நம்ம கூட்டத்துல சேமிப்பு, சந்தா, கடன், தவணை எல்லாம் பேசுறோம். தீர்மானம் எழுதி கையெழுத்தும் போடுறோம். ஆனால் ஒரு விஷயம் மட்டும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. "ராத்திரி படுத்தா தூக்கம் வரலை", "ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன்", "நெஞ்சு படபடங்குது" என்று கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போதுதான் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்கிறோம். இந்த இதழில் அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசப்போகிறோம்.

விடியற்காலை எழுந்து வாசல் தெளித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூலி வேலைக்குப் போய், வந்து மறுபடி அடுப்படி. இதற்கு நடுவில் தவணை நாள் வந்துவிடும். மாமியாருக்கு மருந்து வாங்க வேண்டும். சில வீடுகளில் சாயங்காலம் ஆனாலே, வீட்டுக்காரர் எப்படி வருவாரோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கும். உடம்பு உட்கார்ந்தாலும் மனசு உட்காருவதில்லை. கவலை வந்தால் உடம்பு ஏதோ ஆபத்து வந்ததுபோல் தயாராகிவிடும். இதயம் வேகமாகத் துடிக்கும், தோள் இறுகும், பசி மாறும். அந்த நேரத்தில் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பு அதிகமாகிறது. ஆபத்து போனதும் அது குறைய வேண்டும். நமக்கோ ஒரு கவலை போவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அதனால்தான் வேலை குறைவான நாளில்கூட அலுப்பாக இருக்கிறது.

நெதர்லாந்து நாட்டில் தோட்டம் வைத்திருக்கும் 30 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2011ல் அது வெளியானது. முதலில் எல்லோருக்கும் மனதைக் களைப்பாக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். பிறகு பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்ட வேலை செய்யச் சொன்னார்கள். மீதிப் பேரை வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் கார்டிசால் குறைந்தது, ஆனால் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. மனநிலையும் அவர்களுக்குத்தான் பழையபடி நல்லதாக ஆனது. 30 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் களை பிடுங்கிவிட்டு எழுந்தால் தலைபாரம் குறைவதை நம்மில் பலர் ஆய்வு இல்லாமலே அறிவோம்.

"நாள் பூரா அடுத்தவங்க காட்டுல களை எடுக்குறேன், வீட்டுக்கு வந்தும் அதே மண்ணா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அங்கே மேஸ்திரி நிற்பார், நேரம் அவர் கையில். இங்கே எந்த விதை போடுவது, எப்போது பறிப்பது, பறிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதா, எல்லாம் நம்ம இஷ்டம். ஒரு நாளில் நம் இஷ்டப்படி நடக்கும் காரியம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் புரியும்.

இடம் இல்லை என்பது அடுத்த பேச்சு. கீரைக்கு நாலுக்கு மூணு அடி போதும். அதுவும் இல்லையென்றால் காலி சிமெண்ட் சாக்கு, உடைஞ்ச பிளாஸ்டிக் குடம், பெயிண்ட் வாளி எதுவும் சரி. அடியில் மூன்று நான்கு ஓட்டை போடுங்க, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்க. பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் அந்தச் சூட்டில் இளம் செடி கருகும்.

முதல் முறை போடுகிறவர்கள் சிறுகீரையோ வெந்தயக்கீரையோ போடுங்கள் என்பது என் அபிப்பிராயம். மனசு சோர்ந்து இருக்கும்போது ஆறு மாதம் காத்திருக்கும் செடி சரிப்படாது. வெந்தயம் மூன்று நான்கு நாளில் முளைத்துக் கண்ணுக்குத் தெரியும், மூன்று நாலு வாரத்தில் பறித்துவிடலாம். சிறுகீரையும் ஒரு மாதத்துக்குள் வரும். கீரை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவுங்க, இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் நொய் தூவினால் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அரைக்கீரை என்றால் வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுங்க, திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

கொஞ்சம் இடம் இருந்தால் ஒரு பந்தல் போட்டுப் பாருங்க. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவங்க சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். பீர்க்கு, புடலை, சுரை, பாகல், அவரை எல்லாம் ஆடியில் ஊன்றலாம். பாகல், புடலை விதைக்குத் தோல் கெட்டி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். நாட்டு அவரையை ஆடியில் போட்டுவிட்டு ஆவணி, புரட்டாசியில் பூக்கவில்லையே என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. பாவம், அது பகல் நேரம் குறைகிற காலத்தில்தான் பூக்கும். பனிக்காலம் வரட்டும், அப்புறம் காய் பறித்து மாளாது.

பந்தல் கொடியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். அடுப்பு பற்றவைக்கும் முன்னால், ஐந்தரை ஆறு மணிக்குப் போய் நின்றால் மஞ்சளாக ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருக்கும். சுரைப்பூவும் சாயங்காலம்தான், வெள்ளை வெளேரென்று இருக்கும். பரங்கிப்பூ அதற்கு நேர் எதிர், விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். முதலில் வரும் பூவெல்லாம் உதிர்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அவை ஆண் பூ. பெண் பூவுக்குக் கீழே பொடிசாக ஒரு பிஞ்சு இருக்கும். தேனீ, வண்டு வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழும். அதற்கு ஒரு வழி இருக்கு. ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, உள்ளே இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுங்க. பரங்கிக்கு காலை 8 மணிக்குள், பீர்க்குக்குச் சாயங்காலம். இரண்டு நிமிஷ வேலை. பிள்ளைகளைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னால் "நான் வச்ச காய்" என்று தினமும் போய்ப் பார்ப்பார்கள்.

அந்த இரண்டு நிமிஷத்தில் கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருக்கிறது. மூச்சு தானாக நிதானமாகிறது. தவணை ஞாபகம் வந்தாலும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. தோட்டத்தின் பலன் காயில் மட்டும் இல்லை என்று சொல்வது இதைத்தான்.

அவரைக் குருத்தில் அசுவினி வரும், கறுப்பாக மொய்க்கும். காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுங்க. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட பொறிவண்டு இருந்தால் விட்டுவிடுங்க, அது அசுவினியைத் தின்னும். தண்ணீருக்கு அரிசி, காய் கழுவின தண்ணீரே போதும், துணி துவைத்த சோப்புத் தண்ணீரைக் கீரையில் ஊற்ற வேண்டாம். பந்தலடியில் குப்பை சேரவும் விடாதீங்க. எலி வரும், எலிக்குப் பின்னாடி பாம்பு வரும்.

எல்லோருக்கும் மண் பிடிக்க வேண்டும் என்று இல்லை. சிலருக்குக் கோலம். நோட்டில் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வாசலில் போடும்போது சிக்கல் தீர்கிற சந்தோஷம் தனி. சிலருக்கு ஒயர் கூடை, சிலருக்குப் பூக்கட்டுவது, பழைய பாட்டு. மதியம் இரண்டு பேர் சேர்ந்தால் பல்லாங்குழி ஆடலாம், பதினாலு குழியும் ஒரு கை புளியங்கொட்டையும் இருந்தால் போதும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக அது உதவியது உண்மை. ஆனால் ஓட்டும்போது கிடைத்த சந்தோஷம் அதற்கும் மேல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்ம கூட்டமைப்பில் யாராவது அழகாகக் கூடை பின்னினால் உடனே "இதைத் தொழிலா பண்ணு, லோன் போட்டுத் தர்றோம்" என்கிறோம். வருமானம் நல்லதுதான். ஆனால் ஆர்டர், கணக்கு, கெடு தேதி வந்துவிட்டால் அது இன்னொரு வேலை. எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்று இல்லை. "வேலை வெட்டி இல்லாம செடிகிட்ட நிக்கிறா" என்று வீட்டில் பேச்சு வந்தால் வரட்டும். வீட்டு ஆண்கள் டீக்கடையில் உட்காரும் நேரத்துக்கு யாரும் கணக்கு கேட்பதில்லை, நாம் ஒரு கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

அதே சமயம் செடி கடனை அடைக்காது, அடியையும் தடுக்காது. தவணைதான் கவலை என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்க. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, நுண்கடன் கொடுக்கும்போது ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டல், கெட்ட வார்த்தை என்றால் தனியாகச் சமாளிக்காதீங்க, குழுவில் சொல்லுங்க, நாலு பேராகப் போய்ப் பேசுவோம். வீட்டில் அடி உதை என்றால் 181க்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கலை, பிடித்த எதிலும் மனசு ஒட்டலை, செத்துப்போகலாமா என்ற எண்ணம் வருகிறது என்றால் அது வெறும் அலுப்பு இல்லை. அதற்கு வைத்தியம் உண்டு. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருக்கிறார். பைத்தியம் என்று யாராவது நினைப்பாங்களோ என்று போகாமல் இருந்துவிடாதீங்க. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகிறோம் இல்லையா, அதே மாதிரிதான். அப்படி யாராவது கூட்டத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், ஊக்குநரும் பிரதிநிதியும் தவணையைக் கேட்பதற்கு முன்னால் அவரைப் பற்றி விசாரிக்க வேண்டும். கூடப் போக ஒரு ஆள் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

கடைசியாக விதை. கடையில் வாங்கும் சில ஒட்டு ரக விதையிலிருந்து வரும் காயை எடுத்து மறுபடி போட்டால் அதே மாதிரி காய்க்காது. நாட்டு ரகம் என்றால் கவலையில்லை. ஒரு நல்ல பீர்க்கு, ஒரு சுரை, இரண்டையும் பறிக்காமல் கொடியிலேயே முற்றிக் காயவிடுங்க. ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் சத்தம் கேட்கும், அப்போது எடுத்து, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்க. மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கை விதையைக் காகிதத்தில் மடித்து, பேரும் எந்த மாதம் எடுத்தது என்பதும் எழுதிக் கொண்டு வாங்க. இல்லாதவங்க எடுத்துக்கட்டும், அவங்ககிட்ட இருக்கிறதை நாம வாங்கிக்குவோம்.