ஓடினால்தான் ஜீப்

பழைய ஜீப்புகளையும் லேண்ட் ரோவர்களையும் உயிரோடு வைத்திருப்பவை எண்ணெய்க் கறை படிந்த கைகள். ஆனால் சட்டம் கௌரவிப்பதோ கண்காட்சி வண்டிகளைத்தான்.

டார்ஜிலிங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் போனால் மானேபஞ்சாங் வருகிறது. இந்தியாவும் நேபாளமும் தோளோடு தோள் உரசிக்கொள்ளும் சின்ன ஊர். இங்கிருந்து 31 கி.மீ. தூரத்தில், 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மேற்கு வங்காளத்தின் மிக உயரமான இடமான சந்தக்ஃபூ. எவரெஸ்டையும் கஞ்சன்ஜங்காவையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம் என்பதால் கூட்டம் வருகிறது. பல பத்தாண்டுகளாக அந்தக் கூட்டத்தை மேலே ஏற்றிச் சென்றவை 1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர்கள்.

தேயிலைத் தோட்டத் துரைமார்களோடு மலையேறி வந்த வண்டிகள் அவை. துரைமார்கள் கப்பல் ஏறிவிட்டார்கள்; வண்டிகள் தங்கிவிட்டன. 2018இல் 70 வயதைக் கொண்டாடிய லேண்ட் ரோவர் நிறுவனம் (2008 முதல் அது டாட்டாவின் சொத்து) மானேபஞ்சாங்கைப் படம் எடுத்து உலகுக்குக் காட்டியது. அப்போது அங்கே இருந்த பழைய வண்டிகள் 42. மேலை நாடுகளில் துணி போர்த்தி வைத்திருக்கும் வயதில், இவை கூழாங்கல் பாதையில் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து திணறிக்கொண்டே ஏறின.

ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தால் சிலவற்றில் இருப்பது இங்கிலாந்து எஞ்சின் அல்ல, நம்மூர் மஹிந்திரா டீசல். அப்படியானால் இது லேண்ட் ரோவர்தானா? பழைய வண்டிப் பிரியர்கள் பல காலமாகச் சண்டை போடும் கேள்வி இது. இப்போது சட்டமும் அதையே கேட்கிறது.

பட்டாளத்துப் பிள்ளை

கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸும் ஃபோர்டும் செய்து குவித்த ஜீப்புகள் 6 லட்சத்துக்கும் மேல். 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத் திறன், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம். பர்மா போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்தவற்றில் பல, போர் முடிந்ததும் ஏலத்தில் கைமாறின. 1940களின் இறுதியில் பம்பாய் மசகானில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த உயரமான பானெட் கொண்ட சி.ஜே. 3பி அடுத்த சில பத்தாண்டுகளுக்கு இந்திய அரசின் முகமாகவே மாறிப்போனது. கலெக்டர் வந்தாலும் ஜீப், போலீஸ் வந்தாலும் ஜீப், ஓட்டு கேட்டு வேட்பாளர் வந்தாலும் ஜீப்.

லேண்ட் ரோவரும் ஒரு வகையில் ஜீப்பின் தம்பிதான். ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்தது போரில் மிஞ்சிய ஒரு ஜீப். லேண்ட் ரோவரின் முதல் மாதிரி வண்டியை ஜீப் சேஸிஸ் மீதே கட்டினார்கள். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த வண்டிக்கும் அதே 80 அங்குலம். போருக்குப் பிறகு உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மானேபஞ்சாங் மழையிலும் பனியிலும் அந்த உடம்பு துருப்பிடிக்காமல் நிற்பதற்கு அன்றைய பஞ்சமே காரணம். அடியில் இருக்கும் உருக்குச் சேஸிஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெல்டிங்காரர் கருணையில்தான் அதன் ஆயுள்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒன்று ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிஸான் உரிமத்தில் உருவான ஜோங்கா. கிட்டத்தட்ட 4 லிட்டர், 6 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ராணுவம் கழித்துவிட்டவை ஏலம் மூலம் வெளியே வந்தன. 2019இல் கிரிக்கெட் வீரர் தோனி ராஞ்சித் தெருவில் ஒன்றை ஓட்டிவர, அதன் மவுசு ஒரே நாளில் ஏறியது. மற்றொன்று 1985இல் பிறந்த மாருதி ஜிப்ஸி. முதலில் 1 லிட்டர், 1996இல் 1.3 லிட்டர். எடை குறைவு என்பதால், கனமான வண்டிகள் புதையும் சேற்றில் ஆடு மாதிரித் தாவி ஏறிவிடும். 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

இந்த வண்டிகளை வைத்திருப்பது ஒரு பொழுதுபோக்கு என்றால் பாதி உண்மை. இது ஒரு கூட்டுக் குடும்ப வாழ்க்கை. டாக்டர், விவசாயி, எஸ்டேட் முதலாளி, கம்ப்யூட்டர் எஞ்சினியர் என்று வாரம் முழுதும் வேறு வேறு உலகங்களில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரே பானெட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாகமன், குடகு, சக்லேஷ்பூர், லோனாவாலா என்று மலை எங்கே இருக்கிறதோ அங்கே இவர்கள் இருக்கிறார்கள்.

எழுதப்படாத விதிகள் சில உண்டு. தனி வண்டியாகக் கரடுமுரடுப் பாதையில் இறங்கக் கூடாது. முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் புதைந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். இழுக்கும் கயிறு அறுந்தால் சாட்டைபோல அடிக்கும் என்பதால் வண்டியை இழுக்கும்போது யாரும் அருகில் நிற்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் ஓட்டுவது அல்ல, மாட்டிக்கொண்டவரை மீட்பது.

ஓட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை. ஓடையைக் கடந்த வண்டியின் டிரம் பிரேக் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டியபடி லேசாகப் பிரேக்கை அழுத்தி அழுத்திக் காய வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அச்சிலுள்ள கியர் ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்றாவிட்டால் பேரிங் போய்விடும். முன் அச்சில் கிங் பின் தேய்ந்திருந்தால் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் கையை உதறும். ஸ்பிரிங் பட்டை உடைந்தால் கவலை இல்லை, எந்த ஊர் லாரிப் பட்டறையிலும் ஆள் இருப்பார். டிஸ்டிரிபியூட்டர் பாயின்ட் கருகினால் உப்புத்தாளால் தேய்த்து வழியிலேயே கிளப்பிவிடலாம். மின்னணுப் பெட்டி எதுவும் இல்லாததால் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுப் பழுதைக் கண்டுபிடிக்க முடிகிற கடைசித் தலைமுறை வண்டிகள் இவை.

உதிரிப்பாகம்தான் பெரிய தலைவலி. சென்னை புதுப்பேட்டை, டில்லி மாயாபுரி, பஞ்சாப் எல்லையில் உள்ள ஹரியாணாவின் மண்டி டப்வாலி ஆகியவை இவர்களது புண்ணிய தலங்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த பாகங்களிலிருந்து முழு ஜீப்பையே கட்டிக் கொடுப்பதில் டப்வாலிப் பட்டறைகள் பேர்போனவை. மற்றவர்களுக்குக் கைகொடுப்பது சகாக்கள்தான். ஒரு ஊரில் கழற்றிப்போட்ட டிரான்ஸ்ஃபர் கேஸ், பஸ் பார்சலில் இன்னொரு ஊருக்குப் போய் உயிர் கொடுக்கிறது. கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்குகிறார்கள். அதைக் கடையத் தெரிந்த மேஸ்திரிகளுக்கு வயதாகிவருகிறது என்பதுதான் கவலை.

அசலா, மாற்றமா?

இங்கேதான் குடும்பச் சண்டை. ஒரு கட்சிக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். போல்ட்டின் தலையில்கூடப் பழைய முத்திரை இருக்க வேண்டும். இன்னொரு கட்சிக்கு வண்டி ஓடினால் போதும். இரண்டாவது கட்சிதான் இந்தியாவின் நிஜம். பெட்ரோலைவிட டீசல் வெகு மலிவாக இருந்த காலத்தில், எஸ்டேட்காரரும் மலைப்பாதை டிரைவரும் பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கும் முன்பே மாற வேண்டிய வண்டிகள் மாறிவிட்டன. அந்த மாற்றம் நடந்திராவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை எடைக்குப் போயிருக்கும்.

சட்டம் முதல் கட்சியின் பக்கம் நிற்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் தந்த அசல் அமைப்பை மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த உபயோக வண்டிக்கு ரூ. 20,000 கட்டணத்தில் 10 ஆண்டுக்குப் பதிவு. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை.

மகாராஜாக்களின் கார்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. உழைக்கும் ஜீப்புக்கு எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. எஞ்சின் மாறியிருந்தால் தகுதி போயிற்று. வாடகைக்கு ஓடினாலும் தகுதி போயிற்று. மீதமிருப்பது சாதாரணப் பழைய வண்டியாகப் பதிவைப் புதுப்பிக்கும் வழி. அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 600இலிருந்து ரூ. 5,000 ஆனது, 20 வயதைத் தாண்டிய கார், ஜீப்புகளுக்கு 2025இல் ரூ. 10,000. டில்லி வட்டாரத்தில் நிலைமை இன்னும் மோசம். 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த விதிகளில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய டீசல் கக்கும் புகைக்கு மன்னிப்புக் கிடையாது. கவிழ்ந்தால் காப்பாற்றக் கூரைகூட இல்லாத வண்டியைக் கண்டபடி மாற்றி 100 கி.மீ. வேகத்தில் விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பத்து வருடமாக ஒரு வண்டியின் ஒவ்வொரு நட்டையும் கையால் முறுக்கித் தெரிந்தவரையும் அவர்களையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் கேள்விக்குரியது. ஜெர்மனியில் 30 வயது தாண்டி நன்றாகப் பராமரிக்கப்படும் வண்டிக்கு 1997 முதல் தனி எண் உண்டு. அதைச் சாலையில் தினமும் ஓட்டலாம். இங்கேயும் பிரேக்கையும் புகையையும் சோதித்து, வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு போட்டு, மாற்றிய எஞ்சினைக் கணக்கில் எழுதிக்கொண்டு ஓடவிட முடியாதா? வயதைப் பார்ப்பதைவிட ஆரோக்கியத்தைப் பார்ப்பது மேல்.

மறுபடி மானேபஞ்சாங். சந்தக்ஃபூ பாதையின் பல பகுதிகளில் கான்கிரீட் விழுந்துவிட்டது. பொலேரோக்கள் மேலே ஏறுகின்றன. பயணிகளுக்கு வசதி, உள்ளூர்க்காரர்களுக்கு அவசர காலத்தில் ஆஸ்பத்திரி பக்கம். அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பாதை சுலபமானதும் கிழட்டு வண்டிக்கு வேலை குறைகிறது. வேலை இல்லாத வண்டி நிற்கிறது. நிற்கும் வண்டியில் ஆயில் சீல் காய்ந்து வெடிக்கிறது, டாங்கில் பெட்ரோல் பிசினாகிறது, பிரேக் சிலிண்டர் இறுகுகிறது, ஒயரை எலி கடிக்கிறது. போர்வை போர்த்திப் பாதுகாப்பதாக நினைக்கும்போதே வண்டி உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும்.

ஜீப் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வாரம் ஒருமுறையாவது கிளப்பி, நாலு கிலோமீட்டராவது போய்வர வேண்டும். எந்த மெக்கானிக்கும் தரும் முதல் மருந்து அதுதான். விதி எழுதுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பானெட்டுக்குள் எட்டிப்பார்த்தால் நல்லது.