கார் சத்தம்: இனிமையா, இரைச்சலா? சைலன்சர் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலைக்குச் சேர்ந்து, மாதத் தவணையில் ஒரு மைவியோ சாகாவோ எடுத்த இளைஞர்கள் பலருக்கு அடுத்த ஆசை ரிம்மும் சைலன்சரும்தான். காரோடு வந்த சைலன்சரில் 'சத்தமே இல்லை' என்று தோன்றும். பட்டறைக்குப் போனால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால், அந்த அரை நாள் வேலை பிறகு சம்மனாகவும், அக்கம்பக்கத்தாரின் மனக்கசப்பாகவும், தூரப் பயணத்தில் தலைவலியாகவும் திரும்பி வருவதுண்டு.

காரின் ஒலி சற்று கனமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் நல்ல ஒலி வேறு, பெரிய சத்தம் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

இன்ஜினில் எரிந்த புகை ஒரே சீராக வெளியேறுவதில்லை. வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது துடிப்பு துடிப்பாக வெளியே தள்ளப்படுகிறது. அந்தத் துடிப்புகளே நாம் கேட்கும் சத்தம். நிமிடத்திற்கு 3,000 சுற்று வேகத்தில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் வினாடிக்கு 100 துடிப்புகள் உண்டாகும். மூன்று சிலிண்டர் கொண்ட ஆக்சியாவில் அதே வேகத்தில் 75 துடிப்புகள்தான்.

காரின் அடிப்படைக் குரல் இதனால்தான் காருக்குக் கார் மாறுகிறது. எவ்வளவு விலை கொடுத்து சைலன்சர் வாங்கினாலும் மூன்று சிலிண்டர் காருக்கு எட்டு சிலிண்டர் காரின் குரல் வராது. இருக்கும் குரலை மென்மையாக்கலாம், கனமாக்கலாம், அல்லது கெடுக்கலாம்.

புகை முதலில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வழியாகச் செல்கிறது. அடுத்து நடுவில் இருக்கும் ரெசனேட்டர், கடைசியாகப் பின்னால் தொங்கும் சைலன்சர். இளைஞர்கள் மாற்ற விரும்புவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

இரண்டு வகைகள்

கடைகளில் கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, உள்ளே தடுப்பு அறைகள் கொண்டது. புகை அறைக்கு அறை திரும்பிச் செல்லும்போது ஒலி அலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்கும். காரோடு வரும் சைலன்சர்கள் பெரும்பாலும் இவ்வகையே. சத்தம் குறைவு, ஆயுள் அதிகம்.

மற்றொன்று நேர்க்குழாய் வகை. துளையிட்ட குழாயைச் சுற்றி கண்ணாடி இழையோ கல் இழையோ திணிக்கப்பட்டிருக்கும். புகை தடையின்றிப் போகும், ஒலியை இழை உறிஞ்சிக்கொள்ளும். ஆழமான, கனத்த ஒலி வேண்டுவோர் இதையே நாடுகின்றனர். ஆனால், சூட்டில் அந்த இழை காலப்போக்கில் எரிந்து கரைந்துவிடும். வாங்கிய நாளில் அளவாக ஒலித்த சைலன்சர், ஓரிரு ஆண்டுகளில் அலறத் தொடங்குவது இதனால்தான். இவ்வகையை வாங்குவோர், உடல் நீளமாகவும் பெரிதாகவும் உள்ளதையும், இழையை மாற்றிக்கொள்ளக்கூடியதையும் தேடுவது நல்லது.

'குழாய் பெரிதானால் பவர் கூடும்' என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. 1.3, 1.5 லிட்டர் கார்களில் பின் சைலன்சரை மட்டும் மாற்றுவதால் பவர் குறிப்பிடத்தக்க அளவு கூடாது. தேவைக்கு மேல் அகலமான குழாய் போட்டால் புகையின் ஓட்டம் மந்தமாகி, குறைந்த வேகத்தில் இழுவை குறையவும் வாய்ப்புண்டு. காரோடு வந்த குழாயின் அளவையோ, அதைவிடச் சற்றே பெரிய அளவையோ தாண்டாமல் இருப்பதே சிறு கார்களுக்குப் பொருந்தும்.

நெடுஞ்சாலையில் தெரியும் உண்மை

பட்டறை வாசலில் ஆக்சிலரேட்டரை இரண்டு முறை மிதித்துக் கேட்டுவிட்டு முடிவு செய்வதே பலர் செய்யும் தவறு. உண்மையான சோதனை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில்தான். ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும்போது, குறிப்பிட்ட ஒரு சுற்று வேகத்தில் காரின் உடலும் சேர்ந்து அதிர்ந்து 'ஊம்' என்று காதை அடைக்கும். முன்னால் இருப்பவருக்கு ஆசை. பின்னிருக்கையில் இருக்கும் பெற்றோருக்கும் குழந்தைக்கும் அது தண்டனை.

இந்த ரீங்காரத்தை அடக்குவதில் நடுவிலுள்ள ரெசனேட்டருக்குப் பெரும் பங்கு உண்டு. அதை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயை ஒட்டச் சொல்வது வேண்டாத வினை. அதே மாடல், அதே இன்ஜின் கொண்ட நண்பரின் காரில் ஏறி, கண்ணாடியை மூடிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒருமுறை போய்க் கேட்பதே நல்ல வழி. கைப்பேசிக் காணொளிகளை நம்ப முடியாது. கனத்த ஒலிகள் அதில் சரியாகப் பதிவாவதில்லை.

ஒலி 10 டெசிபல் கூடினால் மனிதக் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 'கொஞ்சம்தான் கூடியது' என்று ஓட்டுநர் நினைப்பது, பக்கத்து வீட்டாருக்கு அப்படித் தோன்றாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வாகன இரைச்சலுக்கு 1987-ஆம் ஆண்டு முதல் சுற்றுச்சூழல் விதிமுறைகள் உள்ளன. போலீஸ், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே., சுற்றுச்சூழல் துறை ஆகியவை ஒலி அளவுக் கருவியுடன் சாலைச் சோதனை நடத்துவதும் உண்டு. விதிக்கு மாறாக சைலன்சரை மாற்றியமைத்தால், 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை விதிக்க சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இடமுண்டு.

கார் புதிது என்றால் உத்தரவாதப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிப்பதும் அவசியம். பழைய சைலன்சரைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்த வேண்டும். காரை விற்கும்போது உரிமை மாற்றச் சோதனைக்கு அது தேவைப்படலாம்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. அதில் விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால், 'நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று ஆசை காட்டுவோரும் உண்டு. அதை இழந்த காரில் நச்சுப் புகை பெருகும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியும்.

வெல்டிங்கில் கவனம்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இணைப்பில் ஓட்டை இருந்தால் அது காருக்குள் புக வழியுண்டு. ஏர்கோனைப் போட்டுக்கொண்டு நின்ற காரில் தூங்குவோருக்கு இது உயிர் ஆபத்து. வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு இல்லை என்று பட்டறைக்காரரைக் காட்டச் சொல்லலாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் மலிவான இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குறிப்பாக, பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் காரில் தண்ணீர் ஆவியாகாமல் உள்ளேயே தங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகு விலை கூடினாலும் நீண்ட நாள் உழைக்கும். தோட்டத்து மண் சாலையிலும் குழிகளிலும் போகும் கார் என்றால், தாழத் தொங்கும் பெரிய சைலன்சர் அடிபட்டு உடையும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கலாம். அதிகாலை ஐந்து மணி ஷிப்டுக்குக் கிளம்பும்போது தாமானில் எத்தனை வீட்டு விளக்குகள் எரியும்? ஒன்றும் எரியாது என்றால், அந்த சைலன்சரைத் தாராளமாக வாங்கலாம்.