டேப் யார் கையில்?

"ஏனுங்ணா, பெட்டியெல்லாம் ஆன்லைன்லயே வருதே, நாங்களே வாங்கிப் போட்டுக்கலாமுங்களா?"

கோவையில் கிச்சன் அலமாரி பொருத்துவது என் தொழில். வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன் என எதிர்பார்த்தே கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மேடைக்கு அடியில என்னங்க இருக்கு?"

நம் வீடுகளில் பெரும்பாலும் மேடை கட்டி முடித்த பிறகுதான் அலமாரி நினைப்பே வரும். கடப்பாக் கல்லைக் குறுக்கே நிறுத்தி, மேலே கிரானைட் போட்டிருப்பார்கள். ரெடிமேடு பெட்டிகளோ 300, 450, 600, 900 மி.மீ. என்று குறிப்பிட்ட அகலங்களில்தான் அதிகம் கிடைக்கும். இடைவெளி 560 மி.மீ. என்றால் 600 பெட்டி நுழையாது. 450 போட்டால் 110 மி.மீ. வீண். இங்கே பெட்டியே தேவையில்லை. கடப்பாக் கல்லே தடுப்பாக நிற்கிறது. சட்டம் அடித்து ஷட்டர் மாட்ட ஓர் ஆசாரி போதும். செலவும் குறையும்.

புது வீடு, சுவர் காலியாக இருக்கிறது என்றால் நீங்களே ஆர்டர் செய்யலாம். முதலில் மூலையைச் சோதியுங்கள். ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். 5 அடி வந்தால் மூலை மட்டம். வராவிட்டால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சந்து விழும். அதை மறைக்கப் பட்டி வெட்ட வேண்டும். சுவர் நீளத்தை அடி, நடு, மேல் என மூன்று உயரத்தில் எடுத்து, இருப்பதிலேயே சிறிய அளவை எழுதிக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் எடுத்த அளவு உதவாது.

யார் செய்தாலும் சிங்க் பெட்டியில் சிக்கனம் பார்க்காதீர்கள். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் அங்கே நல்லது. குழாய்க்குப் போட்ட ஓட்டையின் ஓரத்தையும் அடைக்கச் சொல்லுங்கள். ஈரம் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான். சிலிண்டர் உள்ளே வைப்பதென்றால் ஷட்டரின் அடிப்பகுதியில் காற்றுத் துளை கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம்; கசிந்தால் தரையோடு தேங்கும்.

ஆளிடம் விலை கேட்கும்போது 'சதுர அடிக்கு இவ்வளவு' என்பதோடு விட்டுவிடாதீர்கள். முகப்பை மட்டும் அளக்கிறாரா, உள்பலகைகளையும் கூட்டுகிறாரா? கீல், டிராயர் சேனல் அதில் சேர்த்தியா? இது தெரியாமல் இரண்டு பேர் சொன்ன விலையை ஒப்பிட்டால் குறைந்த விலைக்காரரே கடைசியில் அதிகம் வாங்கிப்போவார்.

பெட்டி செய்வதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மெஷின் என்னைவிட நேராக வெட்டும். நீங்கள் எழுதிய அளவுக்குப் பெட்டி வந்து, அது இடத்தில் உட்காரவில்லை என்றால் நஷ்டம் உங்களுடையது. நான் அளந்து தப்பானால் என்னுடையது. எங்களுக்குத் தரும் கூலியில் பாதி இந்தப் பொறுப்புக்குத்தான். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன், 'அளவு என் பொறுப்பு' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அவருக்கு எதற்குக் கூலி? டேப்பை நீங்களே பிடிக்கலாம்.